தெற்கு வாசல்காரி

அந்த நாவல் அறுநூற்றுப் பத்துப் பக்கம். அதைப் புரிந்துகொள்ள உதவும் துணைநூல் இரண்டு பாகம், ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பக்கம். துணைநூலைப் புரிந்துகொள்ளத் தனியாக ஒரு கையேடு போடலாமா என்று பதிப்பகத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மதில் கொண்ட மாய நகரம், பேசும் குதிரை, சாகாத ராஜா என்று எழுதியவர் பாட்டுக்கு உற்சாகமாக எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குதிரைக்கு என்ன வயது, எந்த அத்தியாயத்தில் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தது என்பதெல்லாம் அறிஞர்கள் தலையில் விழுந்தது. பாவம், அவர்களும் எவ்வளவுதான் சுமப்பார்கள்.

துணைநூலின் கடைசியில் நூற்றுச் சொச்சம் பக்கத்துக்குப் பெயர் அட்டவணை வரும். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் அந்தப் பகுதியைத்தான் எல்லோரும் உண்மையில் புரட்டுவார்கள். அதைத் தயாரிக்கிறவருக்கு அட்டையில் பெயர் கிடையாது. ஆபீசில் எல்லோரும் அவரை அட்டவணையம்மா என்றே கூப்பிட்டார்கள். மாடியில், பைண்டிங் பிரிவுக்கு நேர் மேலே, பசை வாடை ஏறி வரும் ஒரு குறுகிய அறை அவருடையது. மூன்று சுவரிலும் அட்டை இழுப்பறைகள். நாலாவது சுவரில், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பக்க எண்ணைக்கூட அவர் தப்பாகப் போட்டதில்லை என்று சொல்வார்கள். அது சரியல்ல. ஒன்று போட்டிருக்கிறார். அதுவும் தெரிந்தே போட்டது.

இந்தத் தொழிலில் திருட்டு சகஜம். ஒருவர் பத்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சேர்த்ததை இன்னொருவர் பத்தே நாளில் வார்த்தையை மாற்றிப் போட்டுத் தன் ஆராய்ச்சி என்று அச்சடித்துவிடுவார். கேட்டால், "நானும் அதே நாவலைத்தானே படிச்சேன்?" என்பார். அதனால் துணைநூல் போடுகிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். ஆயிரக்கணக்கான உண்மைப் பதிவுகளுக்கு நடுவில் ஒரே ஒரு பொய்ப் பதிவைச் செருகி வைப்பார்கள். நாவலில் இல்லாத ஓர் ஆள், அல்லது இல்லாத ஒரு குளம். அதற்குப் பொறிப் பதிவு என்று பெயர். பார்த்து எழுதுகிறவர் அதையும் சேர்த்து எழுதி, கையும் களவுமாக மாட்டிக்கொள்வார். எது பொய் என்பதை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதி, தலைமைப் பதிப்பாசிரியர் கையெழுத்துப் போட்டு, உறையை அரக்கு வைத்து மூடி, இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பார்கள். யாராவது விழும்வரை அந்தப் பதிவு புத்தகத்தில் இருக்கும். விழுந்துவிட்டால் அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட வேண்டும். ஊருக்கே தெரிந்துபோன பொறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொறிப் பதிவை எழுதும் வேலை அட்டவணையம்மாவிடம் வந்தது. தலைமைப் பதிப்பாசிரியரான பேராசிரியர், "ஏழு வரி ஏதாவது எழுதுங்கம்மா, யாரும் கவனிக்காத மாதிரி இருக்கணும்" என்றார். அட்டவணையம்மாவின் அக்கா இறந்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த ஜுரத்தில் இடது கால் சூம்பிவிட்டது. படம் எடுக்கக் கூப்பிட்டால் அந்தக் காலோடு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்யாணப் படத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறாள். அவள் போன பிறகு, அவள் இப்படி இருந்தாள் என்று காட்ட வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை, மூன்று வயது மகளைத் தவிர. அவள் வீட்டுக்காரரோ ஆறே மாதத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, குழந்தையை "கொஞ்ச நாள் பார்த்துக்கங்க" என்று விட்டுவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

ஆகவே, யாரும் கவனிக்காத ஏழு வரியில் அட்டவணையம்மா அக்காவை எழுதி வைத்தார்: 'தெற்கு வாசல்காரி. மூன்றாம் மதிலின் தெற்கு வாசலைக் காப்பவள். இடது கால் ஊனம். காலையில் வெளியே போனவர்களை விரல்விட்டு எண்ணி வைத்துக்கொள்வாள். மாலையில் ஒவ்வொருவர் திரும்பும்போதும் ஒரு விரலை மடக்குவாள். கடைசி விரல் மடங்கும்வரை வாசலைச் சாத்துவதில்லை. பார்க்க: நாவல், பக்கம் 212.' நாவலில் 211ஆம் பக்கம் முழுவதும் நகரத்தின் வரைபடம். 212 அதன் பின்பக்கம். அங்கே ஓர் எழுத்தும் கிடையாது.

பேராசிரியர் மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட்டார். எதிலும் போடுவதுபோல இதிலும் படிக்காமலே போட்டார்.

பிறகு நடந்ததற்கு யாரைக் குறை சொல்வது? பேராசிரியர் உலகத்தில் வேறு யார் எழுதியதையும் நம்பாதவர். தன் துணைநூலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். பொறி எது என்பதைச் சுத்தமாக மறந்துவிட்டு, தொண்ணூறாம் பக்கத்தில் வரும் வெள்ளி வால் பறவைதான் அது என்று மனதில் பதிய வைத்துக்கொண்டார். அந்தப் பறவை நாவலில் நிஜமாகவே வருகிறது. மூன்று அத்தியாயம் பறக்கிறது. பதினைந்து வருஷமாக அவர் மாணவர்களிடம், "அப்படி ஒரு பறவையே இல்லை" என்று ரகசியக் குரலில் சொல்லி வந்தார். பரீட்சையில் பறவையைப் பற்றி எழுதிய பிள்ளைகளுக்கு மார்க்கும் போடவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு தன் துணைநூலைத் தானே புரட்டியபோது தெற்கு வாசல்காரி அவர் கண்ணில் பட்டாள். ஆசையாக நாவலை எடுத்து 212ஆம் பக்கத்தைத் திருப்பினார். வெற்றுத்தாள். வேறு யாராக இருந்தாலும் பக்க எண் தப்பு என்று நினைத்திருப்பார்கள். பேராசிரியர் அப்படிப்பட்ட சாமானியர் அல்ல. 'எழுதப்படாமல் எழுதப்பட்டவள்' என்று தலைப்புப் போட்டு நாற்பத்திரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். ஆசிரியர் அவளை வேண்டுமென்றே எழுதாமல் விட்டார், அந்த மௌனமே நாவலின் இதயம் என்றார். மூன்று ஊர்களில் கூட்டம் போட்டு வாசித்தார். பொன்னாடை விழுந்தது, விருது வந்தது. வெற்றுத்தாளுக்குக் கைதட்டல் வாங்குவது எல்லோருக்கும் கைவராது.

அட்டவணையம்மா அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டுரையின் மெய்ப்பு அவரிடம்தான் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அக்காவின் காலும் விரலும் வாசலும் வந்தன. உயிரோடு இருந்தபோது ஒரு வரி நல்ல வார்த்தை யாரும் சொல்லாத பெண்ணுக்கு நாற்பத்திரண்டு பக்கம்! கூலி கொடுத்து எழுத வைத்தாலும் இப்படி வருமா? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காற்புள்ளிகளைத் திருத்தினார், வாயைத் திறக்கவில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பேராசிரியரின் மனைவிக்கு ஒரு தம்பி. அவரும் அதே நாவலுக்குத் துணைநூல் போடுகிறவர், எதிர்ப் பதிப்பகத்தில். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அத்தானோடு ஒரே மேசையில் சாப்பிடுவார். திங்கட்கிழமை அத்தானின் அறியாமையைப் பற்றிக் கட்டுரை எழுதுவார். அந்த மைத்துனரின் புதிய துணைநூல் இந்த வருஷம் வெளிவந்தது. பதிப்பகத்தை நடத்தும் முதலாளியம்மா அதைப் புரட்டிவிட்டு, பாதிக்கு மேல் தங்களுடையது என்று கொதித்துப்போனார். உடனே மைத்துனருக்குச் செய்தி போயிற்று: வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பேசவும், இல்லாவிட்டால் வக்கீல் பேசுவார்.

"நம்ம பொறி எதுன்னு எனக்கே தெரியாது, அப்பா காலத்துல வச்சது. உறையை எடுத்துட்டு வாங்க அட்டவணையம்மா, எல்லார் முன்னாடியும் உடைப்போம்" என்றார் முதலாளியம்மா.

புதன்கிழமை மாலையே அட்டவணையம்மா உறையை அலமாரியிலிருந்து எடுத்துக் கைப்பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். உறை உடைந்தால் வழக்கு ஜெயிக்கும், அக்கா போய்விடுவாள். ஏழு வரியும் போகும், நாற்பத்திரண்டு பக்கமும் போகும். இருபது வருஷமாக ஒரு பொய்யும் சொல்லாத வாயால், "உறை தொலைஞ்சு போச்சு மேடம்" என்று சொல்லிவிடுவது என முடிவு செய்தார். கண்ணாடி முன்னால் நின்று மூன்று தடவை சொல்லியும் பார்த்தார். மூன்றாவது தடவை கொஞ்சம் நம்பும்படியாக இருந்தது.

கூட்ட அறையில் நீள மேசை. ஒரு பக்கம் பேராசிரியர், புதிய பதிப்பின் அச்சடித்து மடித்த தாள்களை முன்னால் அடுக்கிக்கொண்டு. எதிர்ப் பக்கம் மைத்துனர், தன் தடிப் புத்தகத்தைக் கேடயம்போல நிறுத்தி வைத்துக்கொண்டு. நடுவில் முதலாளியம்மா.

"அத்தான், நான் நாவல வரி வரியாப் படிச்சவன். உங்க புத்தகத்த நான் தொட்டதுகூட இல்ல" என்றார் மைத்துனர்.

"தொடாமலா என் எழுத்துப்பிழை உன் புத்தகத்துல வந்துச்சு? போன ஞாயித்துக்கிழமை என் அலமாரியில என்னடா தேடினே?"

"பல்குத்தி தேடினேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று முதலாளியம்மா மேசையைத் தட்டினார். "அட்டவணையம்மா, உறை?"

அட்டவணையம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், அந்த உறை வந்து…"

"பொறி என்னன்னு நானே சொல்றேனே, வெள்ளி வால் பறவை!" என்று பேராசிரியர் குறுக்கே விழுந்தார். "இவன் புத்தகத்துல அது இருக்கு பாருங்க."

"அது நாவல்லயே இருக்கு அத்தான்."

"எந்த நாவல்ல?"

"அதெல்லாம் விடுங்க. உங்க வாசல்காரிய நான் எப்படித் தோலுரிச்சிருக்கேன், அதப் படிங்க முதல்ல." மைத்துனர் புத்தகத்தைத் திறந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். "'தெற்கு வாசல்காரி. வலது கால் ஊனமானவள். இவள் வாசலைச் சாத்தாமல் வைத்திருந்தது அன்பினால் அல்ல. எதிரிகளிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு அவர்களுக்காகத் திறந்து வைத்திருந்தாள். விரல்விட்டு எண்ணியது அந்தக் காசைத்தான்.' எப்படி? உங்க நாப்பத்திரண்டு பக்கத்தையும் நாலே வரியில கவுத்துட்டேன்!"

அட்டவணையம்மாவுக்குத் தொலைந்த உறை மறந்துபோயிற்று. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தது மறந்துபோயிற்று. இவ்வளவு கோபம் தனக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. திருடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திருடியது தெரியாமலிருக்கக் காலை மாற்றி, காலோடு சேர்த்து மனசையும் மாற்றிவிட்டானே! அக்கா இல்லாமலே போகட்டும், கைக்கூலி வாங்கினவளாக ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். பையைத் திறந்தார். உறையை மேசையில் போட்டு, கேட்காமலே அரக்கை உடைத்தார்.

"இதுதான் பொறி. வாசல்காரிதான். நாவல்ல அப்படி ஒருத்தியே இல்ல. நான் எழுதினேன்."

மைத்துனர் முகத்தில் ஈயாடவில்லை. பேராசிரியர் மஞ்சள் அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது என் கையெழுத்துதான்" என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"ஆனா நான் எதையும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறதில்லயே. அதனால இது செல்லாது." சொல்லச் சொல்ல அவருக்குத் தெம்பு வந்தது. "யோசிச்சுப் பாருங்கம்மா. நீங்களா எழுதினதா நினைச்சுட்டீங்க. அப்போ ஆசிரியர் எதுக்கு 212ஐக் காலியா விட்டாரு? அவர் விட்ட இடத்துல உங்க கை தானா எழுதியிருக்கு."

"வரைபடத்தோட பின்பக்கம் சார் அது. அப்படித்தான் காலியா இருக்கும்."

"இதத்தான் நான் என் கட்டுரையில மேலோட்டமான வாசிப்புன்னு சொல்றேன்."

பிழைக்க வழி கிடைத்த மைத்துனரும் பாய்ந்து சேர்ந்துகொண்டார். "அத்தான் சொல்றது சரி! அவ நிஜமாவே நாவல்ல இருக்கா. அப்போதான நான் நாவல்லருந்து எடுத்தேன்னு ஆகும்?" இருபது வருஷத்தில் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். இல்லாத ஒருத்தி இருக்கிறாள் என்பதில்.

"அட்டவணை போடறது வேற, இலக்கியம் வேறம்மா" என்றார் பேராசிரியர் அன்பாக.

அட்டவணையம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "அது எங்க அக்கா" என்றார். "செத்துப்போய் இருபது வருஷம் ஆகுது. இருந்தா வச்சுக்கங்க, இல்லன்னா எடுங்க, உங்க இஷ்டம். ஆனா அவளுக்கு ஊனம் இடது கால். வலது இல்ல."

மைத்துனர் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தார். "ஆதாரம்?"

"இடது கால ஊனவே மாட்டா. பாரம் பூரா வலது கால்ல விழும். அதனால வலது செருப்பு மூணு மாசத்துல தேஞ்சு ஓட்டையாயிடும், இடது செருப்பு புதுசாவே கிடக்கும். தூக்கிப் போட மனசு வராம அடுக்கி வச்சிருந்தா. அவ போனப்போ கட்டிலுக்கு அடியில ஒத்தச் செருப்பா பதினோரு செருப்பு இருந்துச்சு. பதினொண்ணும் இடது. நான்தான் எண்ணினேன்."

முதலாளியம்மா மூக்கை உறிஞ்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாசல்?" என்று கேட்டார் மைத்துனர். கேள்வி இந்தத் தடவை சின்னதாக வந்தது.

"நான் இங்க வேலைக்குச் சேர்ந்த புதுசு. பஸ் என்னைக்கும் லேட்டு. நான் தெருமுனை திரும்பறவரைக்கும் கேட்டப் பிடிச்சுட்டு நிப்பா. நின்னா கால் வலிக்கும்னு அவளுக்குத் தெரியாதா? நான் உள்ள வந்ததும் கடைசி விரல மடக்கிட்டு, 'அவ்வளவுதான், எல்லாரும் வந்தாச்சு'ம்பா. அவ போன அன்னைக்கு நான்தான் லேட்டு. நான் வந்தப்போ கேட்டு திறந்துதான் கிடந்துச்சு. யாருகிட்டயும் அவ காசு வாங்கல சார்."

மைத்துனர் பேனாவை மூடினார். அவரிடம் எத்தனையோ குறை உண்டு. ஆனாலும் அன்றைக்கு அவர் தன் புத்தகத்தை இழுத்து, அந்த நாலு வரியின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

மற்றதை முதலாளியம்மா பார்த்துக்கொண்டார். வாசல்காரியை எடுப்பதென்றால் பேராசிரியரின் கட்டுரையை எடுக்க வேண்டும். அது புதிய பதிப்பில் அச்சாகி மடித்துக் கீழே தையலுக்குக் காத்திருந்தது. விருதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பேராசிரியரோ இப்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். ஆகவே வழக்கு வேண்டாம். மைத்துனர் தன் புத்தகத்தின் ஒவ்வொரு பிரதியிலும் பிழைத்திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும்: இடது கால், கைக்கூலி இல்லை. அட்டவணையம்மா சொன்னதைப் பேராசிரியர் தன் பதிப்பில் கடைசித் தாளில் குறிப்பாகச் சேர்ப்பார். மஞ்சள் அட்டையை முதலாளியம்மா நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். எது பொய் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதோடு போயிற்று.

"ஏம்மா, ஒரு சந்தேகம்" என்று பேராசிரியர் வாசல்வரை வந்து அட்டவணையம்மாவை நிறுத்தினார். அவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று அட்டவணையம்மா ஒரு கணம் நினைத்துவிட்டார். "ஆசிரியருக்கு உங்க அக்காவ நேர்ல பழக்கமா?"

"ஆசிரியர் இறந்து முப்பது வருஷம் கழிச்சு எங்க அக்கா பொறந்தா சார்."

"அப்போ முன்கூட்டியே உணர்ந்திருக்காரு" என்றார் பேராசிரியர். அவர் கண்கள் பளபளத்தன. அடுத்த கட்டுரை அங்கேயே, படிக்கட்டின் மேலேயே தொடங்கிவிட்டது.

புதிய பதிப்பு வந்த அன்று அட்டவணையம்மா இரண்டாம் பாகத்தில் ஒரு பிரதியை, கூடவே நாவலையும், வீட்டுக்கு எடுத்துப்போனார். அக்கா மகள் கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிறவள். ஊரார் கண்ணையெல்லாம் நாளெல்லாம் எழுத்துப் படிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தான் ஒரு வரி படிக்க மாட்டாள். அன்றைக்குச் சித்தி சொன்னாரே என்று படித்தாள். ஏழு வரியையும் படித்தாள். கடைசித் தாளில் பொடி எழுத்தில், 'இவளுடைய வலது செருப்பு மட்டுமே தேயும் என்பது வாய்மொழித் தகவல்' என்று இருந்ததையும் படித்தாள்.

பிறகு நிமிராமலே கேட்டாள். "சித்தி, அந்தப் பரண்மேல இருக்கற பெட்டியில ஒத்தச் செருப்பா வச்சிருக்கியே, அதானே இது?"

"அதான்."

"எங்க அம்மாவா?"

"உங்க அம்மாதான்."

அவள் நாவலை எடுத்து 212ஆம் பக்கத்தைத் திருப்பினாள். வெற்றுத்தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். கண் டாக்டர்களோடு பழகியவள். இல்லாத எழுத்தை இருப்பதாகச் சொல்லமாட்டாள். "இதுல ஒண்ணுமே இல்லயே சித்தி" என்றாள்.

புத்தகத்தில் யாராவது ஒரு பென்சில் கோடு போட்டாலும் இருபத்திரண்டு வருஷமாகச் சண்டைக்குப் போன அட்டவணையம்மா, பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நான் சொல்றேன், நீ எழுது. பொடியா எழுது, ஒரே பக்கம்தான் இருக்கு."

இடது காலிலிருந்து தொடங்கினார். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வது, குழந்தையை வலது இடுப்பில் மட்டுமே தூக்குவது, பாட்டில் எப்போதும் இரண்டாவது வரியை மறந்துவிடுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. பக்கம் நிரம்பி, மகள் ஓரத்திலும் எழுத ஆரம்பித்தாள். இந்தப் பிரதி மட்டும் பேராசிரியர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டால், எழுதியிருக்கும் இந்தப் பக்கம் எப்படி உண்மையில் காலியாக இருக்கிறது என்று நிரூபிக்க, அவருக்கு இன்னும் ஒரு நாற்பத்திரண்டு பக்கம் வேண்டியிருக்கும்.